ஒரே பெயரில் இரண்டு லிஸ்ட்

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் கண் முகாம். சேலத்திலிருந்து டாக்டர்கள் வந்திருந்தார்கள். ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களின் பட்டியலை அச்சடித்துக் கொடுப்பது என் வேலை. நான் இந்தக் காரிமங்கலம் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர்.

காலையில் 'லிஸ்ட்' என்று தட்டினேன். அச்சாகி வந்தது. வாட்ச்மேன் சுவரில் ஒட்டினார். நான் டீ குடிக்க உட்கார்ந்தேன்.

வாசலில் ஒருவர் வந்து நின்றார். பெயர் மாதையன், ஆடு மேய்ப்பவர். மனைவி கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தார்.

"எம் பேரு இல்லீன்னு வாட்ச்மேன் சொல்றாருங்க. அடுத்த வருசம் வாங்கங்கறாரு. புதரு எது, ஆடு எதுன்னே தெரியலீங்க சார்."

"டாக்டரே ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருப்பாருங்க" என்றேன். எனக்கு எரிச்சல்... டீ ஆறிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் தப்பு செய்யுமா என்ன?

அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. கணவரின் நெற்றியைக் காட்டினார். "அப்ப இதை எதுக்குங்க ஒட்டுனாங்க?"

வலது கண்ணுக்கு மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி. ஆபரேஷன் எந்தக் கண்ணில் என்பதற்காக டாக்டர்கள் முந்தின நாளே ஒட்டி வைக்கும் அடையாளம் அது.

வெளியே ஓடினேன். பஸ்ஸுக்காகப் புளியமரத்தடியில் பையும் மூட்டையுமாக ஒன்பது பேர். ஒன்பது நெற்றியிலும் பிளாஸ்திரி! பஸ் ஏற வேண்டாம் என்று சொல்லிவிட்டு மெஷினிடம் ஓடினேன்.

என்ன நடந்தது? முந்தின வாரம் பெங்களூரிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து, மருந்து ஸ்டோருக்காகப் புதிய சாஃப்ட்வேர் பேக்கேஜ் ஒன்றை ஏற்றிவிட்டுப் போனார். நான் எழுதிய புரோகிராமின் பெயர் லிஸ்ட். அவர் பேக்கேஜிலும் ஒரு லிஸ்ட்! எந்த ஃபைலைக் கொடுத்தாலும் இரண்டும் கட்டம் போட்டு அச்சடிக்கும். ஒரே வித்தியாசம் — ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவருடையது அந்த வரியையே விட்டுவிடும். நம் ஜனங்களில் எத்தனை பேருக்குத் தங்கள் வயது தெரியும்? அந்தக் கட்டம் காலி.

அவருடைய புரோகிராம்கள் ஒரு டைரக்டரியில், என்னுடையவை இன்னொன்றில்; பெயரைத் தட்டினால் எதில் முதலில் தேட வேண்டும் என்று மெஷினுக்கு ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். "யாருது மொதல்ல?" என்று இன்ஜினியர் கேட்கத்தான் செய்தார். விருந்தாளியாச்சே... "உங்களுதையே போடுங்க சார்" என்றேன். பந்தியில் காட்டும் மரியாதையை அங்கேயும் காட்டிவிட்டேன்!

மனுஷனாக இருந்தால் "எந்த லிஸ்டுங்க?" என்று திருப்பிக் கேட்பான். மெஷின் கேட்காது. முன்னால் நிற்பவனை அழைத்துக்கொண்டு போய்விடும்.

என் புரோகிராமுக்குக் 'கண்லிஸ்ட்' என்று பெயர் மாற்றி, மறுபடி அச்சடித்தேன். பதினோரு பெயர்கள் கூடுதலாக வந்தன. மாதையனோடு சேர்த்துப் பத்துப் பேரை உள்ளே அழைத்தோம். மாலைக்குள் பத்துப் பேருக்கும் ஆபரேஷன் முடிந்து கட்டுப் போட்டாகிவிட்டது.

பதினோராவது பெயர் முனியம்மா.

"தீர்த்தமலைக்காரங்க. அப்பவே பஸ் ஏறிட்டாங்க" என்றார் வாட்ச்மேன்.

வெட்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியை நடத்தும் சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "சேலத்துக்குக் கூட்டிட்டு வந்தா செய்யறேன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. அந்தம்மாவுக்கு யாரு போய்ச் சொல்றது?" என்று மட்டும் கேட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை தீர்த்தமலை போகிறேன். அந்த மலைக்கோயிலில் சாமி கும்பிட அல்ல.