ஊதக் கூடாத மூன்று மெழுகுவர்த்திகள்

தொம்மலூரில் ஒரு கம்பெனியில் அட்மின் வேலையில் சேர்ந்து, இன்னும் நிரந்தரமாகாமல் தொங்கிக்கொண்டிருந்த காலம். வேலை நிரந்தரமாகாவிட்டால் நான் வாணியம்பாடிக்குத் திரும்ப வேண்டும். அங்கே அம்மா ஒரு உரக்கடை மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருந்தாள். அவர் நல்லவர்தான். எனக்குத்தான் வேண்டாம்.

ஒரு நாள் எச்.ஆர். மேனேஜர் கூப்பிட்டார். இஸ்ரேலிலிருந்து ஒரு வாடிக்கையாளர் வருகிறார், யூதர். எங்கள் டைரக்டர் மேடம் பார்சி. அக்கவுண்ட்ஸில் இருக்கும் காக்ஸ் டவுன் அக்கா கிறிஸ்தவர். "மூணு மதம், ஒரே ஆபீஸ். சக்கத்தா, சூப்பரா இருக்குமல்ல? பத்து நிமிஷம் பேசு, ஒரு கேக் வெட்டு. உன் கன்பர்மேஷன் இதுலதான் இருக்கு," என்றார், பாதிக் கன்னடத்தில்.

எனக்கோ இந்த மூன்றைப் பற்றியும் ஒரு மண்ணும் தெரியாது. சிவாஜிநகர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனில் படித்தேன். ஆபிரகாம் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் இடத்தில் கண்டக்டர் சில்லறை கேட்டார். மோசே எகிப்திலிருந்து அடிமைகளை மீட்டுக் கடலைக் கடக்கும்போது நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் கடந்துவிட்டேன். ஆனால் படிக்கப் படிக்க ருசி தட்டிவிட்டது. இந்த மூன்று மதக்காரர்களும் தனித்தனி ஊர்க்காரர்கள் என்றல்லவா நினைத்திருந்தேன்? பார்த்தால் ஒரே தெருக்காரர்கள் மாதிரி. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்களை ஊருக்கு அனுப்பி, இடிந்த கோயிலைக் கட்டிக்கொள்ளச் சொன்னது, பார்சிகளின் பூர்வீகமான பாரசீகத்து ராஜா ஒருவர். இயேசுவோ பிறப்பால் யூதர், முதல் சீடர்களும் யூதர்கள். அவர் பிறந்தபோது நட்சத்திரம் பார்த்து வந்த ஞானிகள் பாரசீகப் பக்கத்து ஆட்கள் என்று ஒரு நம்பிக்கை. அட, இது தெரியாமல் இத்தனை வருஷம் இருந்துவிட்டோமே என்று எனக்கே வெட்கமாகப் போயிற்று.

கேக்குக்கு மூன்று மெழுகுவர்த்தி என்று முடிவு செய்தேன். மதத்துக்கு ஒன்று. அவரவர் வந்து அவரவருடையதை ஊதி அணைக்க வேண்டும், எல்லோரும் கை தட்ட வேண்டும். எங்கள் ஆபீஸில் யார் வந்தாலும் கேக், யார் போனாலும் கேக், சர்வர் சரியானாலும் கேக். ஊதாமல் ஒரு விழாவே எனக்குத் தெரியாது. சிவாஜிநகர் கடைக்காரர் மூன்று மெழுகுவர்த்தியை எடுத்துத் தந்து, "இது ஸ்பெஷல்மா," என்றார். ஸ்பெஷல் என்றால் நல்லதுதானே என்று வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை. மேடத்தின் மீட்டிங் இழுத்துக்கொண்டே போனதால் நான் பேச ஆரம்பிக்கும்போது வெளியே வெயில் சாய்ந்துவிட்டது. ஆனால் பேச்சு ஜோராகப் போனது. யூதர்களுக்கு வெள்ளி சூரியன் மறைந்ததும் ஓய்வு நாள் தொடங்கிவிடும், அதன்பின் நெருப்பு மூட்டவோ அணைக்கவோ மாட்டார்கள் என்றேன். பார்சி மதத்தைத் தந்த ஜரதுஷ்டிரர் சொன்னது நல்ல எண்ணம், நல்ல சொல், நல்ல செயல்; உலகத்தில் நன்மைக்கும் தீமைக்கும் நடக்கும் சண்டையில் எந்தப் பக்கம் என்று மனுஷன்தான் தேர்ந்தெடுக்கணும்; பார்சிகளுக்கு நெருப்பு பரிசுத்தத்தின் அடையாளம் என்றேன். சிலுவையில் இறந்த இயேசு உயிர்த்தெழுந்தார், அதுதான் கிறிஸ்தவத்தின் உயிர்நாடி என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

இவ்வளவையும் என் வாயாலேயே சொல்லிவிட்டு, மெழுகுவர்த்திகளைப் பற்றவைத்து, "இப்ப மூணு பேரும் வந்து ஊதுங்க," என்றேன். என் புத்தியை என்ன சொல்ல!

விருந்தினர் ஜன்னலைப் பார்த்தார். சூரியன் போய்விட்டது. "நீங்கள் சொன்னது ரொம்பச் சரி. அதனால் என்னால் முடியாது," என்று ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். நான் மேடத்தைப் பார்த்தேன். தமிழர் நிறைந்த கன்டோன்மென்டிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் தண்ணீராக ஓடும்.

"என்னாமா நீ? எங்க வூட்ல கேக்கு வெட்டுவோம், நெருப்பை ஊத மாட்டோம். எச்சில் மூச்சு நெருப்பு மேல படலாமா?"

மேனேஜர் முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. உரக்கடை என் கண் முன்னால் ஷட்டரைத் தூக்கியது.

"விடு, நான் ஊதுறேன். எனக்கு ஒண்ணும் தடையில்ல," என்று அக்கா வந்து தன்னுடையதை ஊதினார். அணைந்தது. எல்லோரும் மூச்சு விடுவதற்குள் சடசடவென்று பொறி பறந்து மறுபடி எரிந்தது. மறுபடி ஊதினார். மறுபடி எரிந்தது. கடைக்காரர் சொன்ன ஸ்பெஷல் இதுதான்.

"ஐயோ ஆண்டவரே, உயிர்த்தெழுந்துடுச்சு!" என்று அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேனேஜர் மானம் போகிறதே என்று கன்னத்தை உப்பிக்கொண்டு குனிந்தார்.

"ஊதாதே!" என்று மேடம் போட்ட சத்தத்தில் அவர் உப்பிய கன்னத்தோடு அப்படியே நின்றார்.

என்ன செய்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைச் சொன்னேன். "இருக்கட்டும் மேடம், தானா மலையேறட்டும்."

"அப்டின்னா?"

"எங்க வீட்ல விளக்கை அணைக்கறதுன்னு சொல்ல மாட்டோம் மேடம். மலையேறிடுச்சுன்னுதான் சொல்லுவோம். ஊதினா அம்மா அடி பின்னிடுவாங்க."

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அப்போ உட்காருங்கப்பா எல்லாரும். அது மலையேறட்டும்."

உட்கார்ந்தோம். மெழுகு உருகி கேக் முழுக்க வழிந்தது. விருந்தினர் பாபிலோன் கதையைத் தன் வீட்டுக் கதை போலச் சொன்னார். கேக்கை அவர் தொடவில்லை, அவருடைய உணவு விதிகள் வேறு. தவக்காலம் என்பதால் அக்காவும் இனிப்பைத் தொடவில்லை. மேடம் மட்டும் மெழுகைச் சுரண்டிப் போட்டுவிட்டு இரண்டு துண்டு சாப்பிட்டார். பிறகு விருந்தினர் பக்கத்துத் தெருவிலிருந்த ஹோட்டலுக்கு நடந்தே போனார்.

திங்கட்கிழமை வேலை நிரந்தரம் என்று கடிதம் வந்தது. கூடவே ஒரு சிவப்பு மேல்சட்டையும். "நெருப்புக்கு மரியாதை தெரிஞ்ச பொண்ணு" என்று மேடம் என்னை மாடியின் தீ பாதுகாப்புப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார். அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நெருப்பு வேலையா? மாப்பிள்ளை வீட்ல நான் என்னடி சொல்றது?"

"தெரியலம்மா."

"உனக்கு அந்த ஊர் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்கும்மா."

"அப்ப இரு. அவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

அவ்வளவுதான், எனக்கு அழுகை பீறிட்டுவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். சிவப்புச் சட்டைக்காரி படிக்கட்டில் உட்கார்ந்து அழுவதைப் பார்த்த எங்கள் மாடிக்காரர்கள், தீப்பிடித்துவிட்டதென்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள்.