பத்து விரலிலும் ஊசி

கண்டாவளையில் நெல் அருவிவெட்டு நடந்துகொண்டிருந்த காலம். வயலுக்குப் புறப்பட முன், குசினி வாசலில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். வலது கையிலிருந்து கோப்பை நழுவியது. எடுக்கக் குனிந்தேன், கை வரவில்லை. அடுத்த கணம் சீமெந்துத் தரையில் முகம் மோதி, முன்பல் ஒன்று உடைந்தது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தேன். மாடு கத்துவது மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது.

பக்கத்து வளவிலிருந்து என் தம்பி ஓடிவந்தான். என்னில் உயிரையே வைத்திருப்பவன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மிச்சத்தைச் சொல்லவேண்டும்.

"அண்ணி, தூக்காதேங்கோ. இது பாரிசவாதம். அசைச்சா மூளை நரம்பு வெடிச்சிடும். முதல்ல பத்து விரலிலயும் ஊசியால குத்தி ரத்தம் எடுக்கவேணும். வீடியோவில பாத்தனான்."

போனைக் கதிரையில் சாய்த்து வைத்தான். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் அதில் சிரித்துச் சிரித்து விளக்கிக்கொண்டிருந்தார். தம்பி என் நெஞ்சில் முழங்காலை ஊன்றினான். இடது கை விரல் நுனிகளில் தையல் ஊசி ஒவ்வொன்றாய் இறங்க, உயிர் போய் வந்தது. வலது கையிலோ ஒன்றுமே தெரியவில்லை. ரத்தம் மட்டும் சொட்டியது, வேறு ஆருடையவோ கை மாதிரி. நோவைவிட அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

இடது கையால் அவன் முகத்தில் ஓங்கிக் குத்தினேன்.

"பாத்தீங்களோ, கை வேலை செய்யுது," என்றான், மூக்கு ரத்தத்தைத் துடைத்தபடி. பிறகு என் தலையைத் திருப்பிப் பிடித்துக் காதுச் சோணையில் ஊசியை ஏற்றினான்.

அதற்குள் மனைவி கூப்பிட்டிருந்த ஓட்டோ படலைக்கு வந்துவிட்டது. தம்பி வாசலை மறித்தான்.

"அண்ணையைக் கொல்லப் போறியளோ?"

மனைவி விறகுக்கட்டையால் அவன் கையில் அடித்தாள். அவன் தள்ளிவிட, சுவரில் மோதி அவளுடைய நெற்றி பிளந்தது. எழும்பி வந்து திரும்ப அடித்தாள். அவன் கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

"தள்ளு. இல்லாட்டி உன்னையும் சேத்துத்தான் ஏத்துவன்."

ஓட்டோக்காரரும் அவளுமாக என்னை இழுத்து ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் எங்களைப் பார்த்த தாதி, "வெட்டுக்குத்தோ?" என்று கேட்டா. ஸ்கான் எடுத்தபின், வருத்தம் எப்போது தொடங்கியது என்று டொக்டர் மனைவியிடம் விசாரித்தார். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் மிச்சமிருந்தது. மருந்து ஏறியதும் குத்திய விரல்களும் காதும் திரும்ப ரத்தம் விடத் தொடங்கின. தாதிமார் பஞ்சை மாற்றி மாற்றி அமத்திக்கொண்டு நின்றார்கள்.

"நேர இஞ்ச கொண்டுவந்திருந்தா கை முழுசா வந்திருக்கும்," என்றார் டொக்டர். அவர் சத்தம் போடவில்லை.

பேச்சு மெல்ல மெல்ல வந்தது. வலது கைக்கு இன்றைக்கும் கோப்பையின் பாரம் கூடத் தாங்காது. கிளினிக்குக்கு என்னைத் தம்பிதான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறான். மனைவி அவனோடு கதைப்பதில்லை. ஒருநாள் பரந்தன் சந்தியில் வண்டியை நிறுத்தினான்.

"அந்த வீடியோக்காரனைக் கண்டனெண்டா அடிச்சே கொன்றுபோடுவன், அண்ணை."

"ஆரெண்டு... தேடுவாய்?" என்று கேட்டேன். அந்த இரண்டு சொல்லுக்கே எனக்கு வெகுநேரம் பிடித்தது.

அவன் வண்டியை எடுத்தான்.