ரிவர்ஸ் அண்ணன் கடைசியில் காட்டும் வீடு

பின்பக்கமாகவே நடந்து போகிறார். முகம் கூட்டத்தின் பக்கம், முதுகு போகிற திசையில். படகுத் துறைக்கு எதிரே தொடங்கும் பழைய தெருவில் கல் பாவிய தரை மேடும் பள்ளமுமாக இருக்கும்; நேராகப் பார்த்து நடப்பவர்களே தடுக்கி விழுவார்கள். இவர் விழுந்ததில்லை. "நான் முதுகைக் காட்டினா போதும், ஆளுக்கொரு கடைக்குள்ள பூந்துடுவாங்க" என்பார். கழுத்தில் சுற்றுலா வழிகாட்டி என்று அட்டை தொங்குகிறது. ஆனால் சிப்பி மாலை விற்கிறவர்களிடம் ரிவர்ஸ் அண்ணன் என்று கேட்டால்தான் ஆளைக் கை காட்டுவார்கள்.

வாய்க்குப் பஞ்சமே கிடையாது. கலங்கரை விளக்கம், உப்புக் கிடங்கு, மூடிப்போன வணிகர் மாளிகை, எல்லாவற்றுக்கும் ஒரு கதை கைவசம் உண்டு. "காரை பேந்திருக்குன்னு நினைக்காதீங்க, கடல் கையெழுத்துப் போட்டிருக்கு" என்றால் வந்தவர்கள் கிறங்கிப் போகிறார்கள். அதே காரை தன் சாப்பாட்டுத் தட்டில் உதிரும்போது வீட்டுச் சொந்தக்காரரைத் திட்டித் தீர்ப்பதும் இதே வாய்தான்.

ஆமாம், இவர் குடியிருப்பதும் இந்தத் தெருவில்தான். கோடியில் இருக்கும் பச்சைக் கதவு வீட்டின் மாடியில், கல்யாணமான நாளிலிருந்து வாடகைக்கு. கீழ்த்தளம் பூட்டிக் கிடக்கிறது. சுற்றை அங்கேதான் முடிப்பார். காலையிலேயே மஞ்சள் படுக்கை விரிப்பை ஜன்னலில் தொங்கவிடச் சொல்லிவிடுவார், போட்டோவுக்கு எடுப்பாக இருக்குமாம். நனையாத துணியைக் காயப்போடும் பைத்தியக்காரி ஊரிலேயே தான் ஒருத்திதான் என்று மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். அது தன் வீடு என்று மட்டும் கூட்டத்திடம் மூச்சுவிட மாட்டார். சொன்னால் வீட்டின் மவுசு குறைந்துவிடும் என்று நினைப்பு.

இன்றைய கூட்டத்தில் ஒரு தம்பதி. போன விடுமுறைக்கும் இவரோடு சுற்றியவர்கள். பச்சைக் கதவின் முன்னால் இவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் முந்திக்கொண்டாள்.

"நீங்கதாண்ணா சொன்னீங்க, இந்த வீடு கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு. வாங்கிட்டோம்."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தார். அவள் கணவர் பையிலிருந்து சாவியை எடுத்து, கீழ்த்தளத்துப் பூட்டில் நுழைத்துத் திருப்பினார். பூட்டு திறந்துகொண்டது.

"மாடியில யாரோ குடியிருக்காங்களாம்" என்றார் கணவர். "இந்த மாசத்தோட காலி பண்ணிடுவாங்கன்னு ஓனர் சொல்லிட்டாரு. அப்புறம் ரெண்டு தளமும் விடுதிதான்."

சொந்தக்காரர் போன வாரம்கூட இவரிடம் பேசினாரே, ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அந்த யாரோ நான்தான் என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அதைவிடக் கொடுமை, பழகிப்போன வாய் தன்பாட்டுக்கு மாடி ஜன்னலின் மரவேலையை வர்ணித்துக்கொண்டிருந்தது. கூட்டம் கைதட்டியது. தன் வாயாலேயே, வருஷக்கணக்காக, குடியிருக்கிற வீட்டைக் கூவி விற்றிருக்கிறோம் என்பது அந்தக் கைதட்டலில்தான் அவருக்கு உறைத்தது.

கூட்டம் கலைந்த பிறகும் தம்பதி போகவில்லை. மாடியை ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டுமாம். "நீங்க சொன்னா உள்ள விடுவாங்கல்ல?" என்று கேட்டாள் அந்தப் பெண். தலையாட்டினார். இருவரையும் கூட்டிக்கொண்டு படியேறினார்.

மாடிக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே மனைவி வெங்காயம் நறுக்கும் சத்தம். தினமும் இவர் தோளால் தள்ளிக்கொண்டு செருப்போடு நுழைந்து திட்டு வாங்குகிற கதவு அது. கையை உயர்த்தி, விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினார்.

"யாருங்க?" என்றாள் உள்ளேயிருந்து.

அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அந்தத் தம்பதிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.