மா உஸ்மா அச்சிட்ட வட்டம்

“பாப்பா தலை ஏன்டி இவ்வளவு நீளமா இருக்கு?”

தாமுவே கிளினிக்கில் ஸ்கேன் எடுத்துவிட்டு வெளியே வந்ததும் புஷ்பா அக்கா என்னிடம் கேட்டாள். ரிப்போர்ட்டில் அச்சான படத்தில், அவள் வயிற்றில் இருந்த குழந்தையின் தலை வெள்ளரிக்காய் போல இருந்தது. பத்தாவதோடு படிப்பை விட்டவள் நான். தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டாக்டர் திரையைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். அக்கா தாளைத்தான் நம்பினாள். படியிலேயே உட்கார்ந்து அழுதாள்.

நான் தாளோடு உள்ளே ஓடினேன். அங்கே ரிப்போர்ட் அச்சிடுபவர் உஸ்மா. எல்லோருக்கும் மா உஸ்மா; பர்மிய மொழியில் ‘மா’ என்றால் அக்கா மாதிரி. தூரத்து மிங்கலாடோனிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கெட்டுப்போன பிரிண்டர்களைப் பிரித்துப் பார்த்தே தொழிலைக் கற்றவர். மின்சாரம் அடிக்கடி போவதால், பேட்டரியில் ஓடக்கூடிய பழைய ஊசி பிரிண்டர் ஒன்றை அந்த வாரம்தான் தூசி தட்டி எடுத்திருந்தார். அதற்குப் படம் தெரியாது. எந்த ஊசி குத்திப் புள்ளி வைக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அதற்குப் புரியும். படத்தை அந்த மொழிக்கு மாற்றும் புரோகிராமை அவரே எழுதியிருந்தார்.

தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. தன் வளையல் அளவில் ஒரு வட்டத்தை பிரிண்டருக்கு அனுப்பினார். முட்டை வந்தது. வளையலைக் கழற்றி அதன்மேல் வைத்தார்; பொருந்தவில்லை.

“புள்ளைக்கு ஒண்ணுமில்ல தங்கச்சி. தப்பு என்னோடது. மேல கீழ ஊசிங்க தள்ளித் தள்ளி இருக்கு, பக்கவாட்டுல புள்ளி நெருக்கமா விழுது. ரெண்டும் ஒரே இடைவெளின்னு நெனச்சுட்டேன்.”

படத்தைப் பக்கவாட்டில் அகலமாக்கும்படி புரோகிராமைத் திருத்தினார். அடுத்த வட்டத்தில் வளையல் அப்படியே உட்கார்ந்தது. அக்காவைக் கூப்பிட்டு வந்தேன். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டே வரி வரியாக அடித்தது: நெற்றி, மூக்கு, உருண்டையான தலை. கிட்டத்தில் பார்த்தால் வெறும் கறுப்புப் புள்ளிகள். தள்ளிப் பிடித்தால் இன்னும் பிறக்காத ஒரு முகம்.

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “மூக்கு மட்டும் அவங்கப்பா மாதிரியே சப்பை” என்றாள்.

அந்த வாரம் அப்படித் தாள் வாங்கிப் போன ஒவ்வொருவருக்கும் மா உஸ்மா போன் போட்டார். தமிழிலும் பர்மிய மொழியிலும் தன் தப்பைச் சொல்லி, புதிய படம் வாங்கிக்கொள்ள வரச் சொன்னார். ஒருத்திக்கு மட்டும் லைன் கிடைக்கவே இல்லை. கியாக்தான் ஊர்ப் பக்கத்துப் பெண். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவள் இன்னும் பயந்துகொண்டிருக்கலாம். அந்தப் பக்கம் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர்களையும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள்.