"கிரவுண்டு கிடையாது" என்றேன்

சென்ற ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே எங்கள் கணக்கு ஆசிரியர் துபாய் வேலைக்குப் போய்விட்டார். எங்களுடையது குற்றாலம் சாலையில் உள்ள சிறிய பள்ளி, நான் தலைமையாசிரியை. காலாண்டுத் தேர்வுக்குள் ஆள் கிடைக்காவிட்டால் பத்தாம் வகுப்பை மூடிவிடலாம் என்றார் தாளாளர். மூடினால் பெண்பிள்ளைகள் பலரைத் தென்காசிக்கு அனுப்பமாட்டார்கள். படிப்பு அதோடு நின்றுவிடும். நேர்காணலுக்கு வந்த இருவரும் சம்பளத்தைக் கேட்டதும் எழுந்துகொண்டார்கள்.

சோர்ந்துபோனேன். ஞாயிறு ஆராதனையில் ஜெபக் குறிப்பு கொடுத்தேன். தினமும் காலையில் ஆளில்லாத வகுப்பறையில் முழங்கால்படியிட்டு, "ஆண்டவரே, ஒரு ஆளை அனுப்பும்" என்று அழுதேன்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. சாரல் விழுந்துகொண்டிருந்தது. எண் போட்ட பனியனோடு நான்கு பேர் வாசலில் நின்றார்கள். எங்கள் பகுதிக் கபடிக் குழுவினர். குற்றால சீசன் கூட்டத்தை நம்பி ஆண்டுதோறும் போட்டிக்கு மைதானம் கேட்பார்கள், நான் மறுத்துவிடுவேன். அன்றும் அவர்கள் வாய் திறக்குமுன், "கிரவுண்டு கிடையாது" என்று சொல்லித் திரும்பினேன்.

"டீச்சர், கிரவுண்டு கேட்டு வரல," என்றார் சுடலைமுத்து அண்ணாச்சி. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். "சர்ச்சுல கணக்கு வாத்தியார் கேட்டியளாமே? சர்ச்சுக்கு வந்த எங்க வீட்டுக்காரி சொன்னா."

"அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?"

"மேட்ச் நடத்தி வர்ற துட்டுல அறக்கட்டளை வச்சிருக்கோம்லா. வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடத்துக்குச் சம்பளம் கொடுக்கோம். ஆளும் இருக்கு. எங்க பொம்பளப் பிள்ளைய டீம்ல ஆடுன செல்வி. கணக்குல பி.எட். முடிச்சிட்டு ஜவுளிக்கடையில சேலை மடிக்கா."

"ரெய்டு போனா தொடாம வரமாட்டா, டீச்சர். உங்க பத்தாங்கிளாஸ் எம்மாத்திரம்?" என்றார் பின்னால் நின்றவர்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நான் கேட்ட ஆளை ஆண்டவர் அனுப்பியிருக்கிறார். நானோ மழையில் நிறுத்தி விரட்டப் பார்த்தேன்.

அடுத்த திங்கட்கிழமை செல்வி வேலையில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"சாயங்காலம் பொம்பளப் பிள்ளையளுக்குக் கிரவுண்டத் திறந்து விடுவியளா, டீச்சர்?"

சாவியை அவர் கையிலேயே கொடுத்தேன்.

பத்தாம் வகுப்பு மூடப்படவில்லை. பொதுத்தேர்வில் பிள்ளைகள் எல்லாரும் கணக்கில் தேறினார்கள். ஆண்டவருக்கே நன்றி, அந்த நால்வரையும் அவர் ஆசீர்வதிப்பாராக.

அன்பானவர்களே, உங்கள் குறையை அவரிடம் நம்பிச் சொல்லுங்கள். சொன்ன பிறகு, உங்கள் வாசலில் வந்து நிற்பவர் பேசி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்திருங்கள்.