ஷெட்டு வாசலில் செருப்பு

ஆம்பூரில் பாலாற்றங்கரை வீடுகளைக் கணக்கெடுக்க ஓர் அதிகாரியோடு போயிருந்தேன். தகரக் கூரை போட்ட ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா நின்றார். ஷூ கம்பெனியில் பசை தடவும் வேலை. விரல்களில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே பேசினார்.

"ஷெட்டுன்னு எழுதுங்க" என்று என்னிடம் சொன்னார் அதிகாரி. ஷெட் என்று எழுதிவிட்டால், இடிக்கும்போது மாற்று வீடு கிடையாது.

"இன்னா சார், நாங்க குடியிருக்கறது ஷெட்டா?"

"ஷெட்டுதாம்மா" என்று வாதாடிக்கொண்டே அதிகாரி உள்ளே போனார்.

அந்த அம்மா வாசலைக் காட்டினார். அதிகாரியின் செருப்புகள் அங்கே கிடந்தன.

"அப்போ செருப்ப எதுக்கு சார் கழட்டுனீங்க? நான் வேல செய்யற எடந்தான் ஷெட்டு. அங்க செருப்போடதான் நிப்பேன். வூடுன்னு எழுத சொல்லு சார்."

அதிகாரி வெளியே வந்துதான் செருப்பை மாட்டிக்கொண்டார். செருப்போடு உள்ளே நிற்க அவருக்கும் கால் வரவில்லை.