ஈய ஆணி

எங்கள் ஊர் செத்தது எங்கள் ஊர்க் கொல்லன் அடித்த சங்கிலியில்தான். இதைச் சொல்லி அவனைத் திட்டியவர்கள் உண்டு, காறித் துப்பியவர்களும் உண்டு. சங்கிலியை ஏற்றிப் போன கழுதைகளை ஓட்டியவன் நான். என்மேல் யாரும் துப்பவில்லை. பழி எப்போதும் செய்தவன் கைக்குத்தான் போகிறது, செய்யச் சொன்னவன் வாய்க்குப் போவதில்லை.

அவன் பெயர் சாதோய். குள்ளன். புருவம் எப்போதோ கருகிப்போய் மறுபடி முளைக்கவில்லை, அதனால் யாரைப் பார்த்தாலும் ஆச்சரியப்படுவது போலவே இருக்கும். அவன் அப்பாவை ரோமாபுரிச் சண்டைக்குப் பிடித்துப் போனார்கள். எந்த மண்ணில் விழுந்தாரோ தெரியாது. அம்மாவைக் கொள்ளைநோய் கொண்டுபோனது. மிஞ்சியது தம்பி யவ்னான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டே சாதோய் துருத்தி ஊதினான். ரொட்டியைப் பிய்த்தால் பெரிய துண்டு தம்பிக்கு, மீனில் நடுத்துண்டு தம்பிக்கு. நாங்கள் கேலி செய்வோம், “உனக்குக் கல்யாணமே வேண்டாம்டா, பிள்ளைதான் இருக்கே.”

அந்தக் காலத்தில் பேரரசு எப்படி இருந்தது என்று இப்போதைய பையன்களுக்குத் தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் மலை. கிட்டப் போய்த் தொட்டால் கறையான் புற்று. எங்கள் ராஜாவும் ரோமாபுரி ராஜாவும் ஒரு தலைமுறை முழுக்க மோதிக்கொண்டு, நம் அப்பன்மார் எலும்பையெல்லாம் அங்கே கொட்டினார்கள். அது முடியும் நேரத்தில் ஆறு பெருகிக் கரையெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. முன்பென்றால் ஆயிரம் ஆளை அனுப்பிக் கட்டுவார்கள். இப்போது தலைநகரில் மகன் அப்பனைக் கொல்லவும், தளபதி மகனைக் கொல்லவுமே நேரம் சரியாக இருந்தது. எங்கள் பார்லி வயல் நாணல் காடாகிப் போனது. புது ராஜா பட்டத்துக்கு வந்தார் என்று தண்டோரா போட்டால், “பேரைச் சொல்லாதய்யா, மனசுல பதியிறதுக்குள்ள மாத்திருவாங்க” என்பான் சாதோய்.

இதெல்லாம்கூடப் போகட்டும். பாலைவன எல்லையை எங்களுக்காகக் காத்துவந்த அரபி அரசன் ஒருவன் ஹீராவில் இருந்தான். எங்கள் பேரரசர் என்ன கோபத்திலோ அவனைச் சிறைபிடித்துக் கொன்றுபோட்டார். வாசல் நாயைத் தானே அடித்துக் கொன்றுவிட்டுக் கதவைத் திறந்து போட்டுத் தூங்கினவன் வீட்டில் திருடன் வராமல் இருப்பானா? வந்தார்கள். முன்பெல்லாம் ஆட்டைத் திருட வந்த அதே பாலைவன அரபிகள், இந்தமுறை ஊரைப் பிடிக்க வந்தார்கள்.

எதிர்த்து நிற்க ஆள் வேண்டுமே. பழகிய வீரர்கள் பாதிப்பேர் ரோமாபுரியில் மண்ணாகிவிட்டார்கள், மீதிப்பேர் தலைநகரில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அதனால் எல்லைத் தளபதி குடியானவர்களைப் பிடித்தார். பிடிபட்டவன் ஓடிவிடுவானே என்று பயம். அதற்கு அவருடைய மூளையில் உதித்த யோசனைதான் சங்கிலி. ஒரு ஊருக்கு ஒரு சங்கிலி. காலோடு கால் பூட்டி நிறுத்திவிட்டால் எவனும் பின்வாங்க மாட்டானாம். தன் ஆளை நம்ப முடியாத ராஜ்யம் இரும்பை நம்பியது.

எங்கள் பண்ணையார் வராஸ் பட்டறைக்கே வந்துவிட்டார்.

“ஏ கொல்லா, ஊர்ச் சங்கிலி நீதான் அடிக்கணும். உன்னைப் பூட்ட மாட்டாங்க. பழுது பாக்குற வேலைக்குன்னு கூடப் போ, போதும்.”

“என் தம்பி, எசமான்?”

“தம்பிக்கென்ன, கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு?”

மறுத்தால் தலை இருக்காது. வேறு கொல்லன் அடித்துவிடுவான், அவ்வளவுதான் வித்தியாசம். சாதோய் அடித்தான். ஒவ்வொரு கால்வளையமும் இரண்டு அரைவட்டம். ஒரு பக்கம் மூட்டு ஆணி, மறுபக்கம் காலில் மாட்டியபின் அறைகிற ஆணி. ஒரே ஒரு வளையத்தில் மட்டும் மூட்டு ஆணியை ஈயத்தில் வார்த்தான். மேலே எண்ணெய்க் கரி தடவி இரும்பு போலாக்கினான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான்.

“பாத்தியா ஹனானா? எங்கயாவது ஒரு கல்லுல வச்சு ஒரு உதை. கழண்டுக்கும். ஓடிருவான்.”

“யவ்னான்ட்ட சொல்லிட்டியா?”

“அவன்ட்டயா? வாய்ல ஈ நுழைஞ்சாக்கூட ஊரைக் கூட்டிச் சொல்ற பய. பூட்டுறப்போ காதுல சொல்லிக்கிறேன்.”

அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாசக்காரப் பயல் நிறுத்தவில்லை. யவ்னானுக்குக் கணுக்காலில் பழைய தீப்புண் தழும்பு. அது உரசினால் பொத்துக்கொள்ளும். அதனால் அந்த வளையத்தின் உள்விளிம்பை மட்டும் அரத்தால் ராவி ராவி, முட்டை ஓடு மாதிரி வழவழப்பாக்கினான்.

பூட்டுகிற நாள் வந்தது. தளபதியின் அதிகாரி புதிதாக ஒரு கட்டளை போட்டார். பண்ணையார்களையும் நம்ப முடியவில்லையாம், ஒவ்வொரு பண்ணையாரும் ஒரு மகனை ஊர்ச் சங்கிலியில் பிணையாக நிறுத்த வேண்டுமாம். வராஸின் மகன் மர்தான் முகம் வெளிறிப்போய் வந்தான். குவியலைக் காலால் புரட்டினான். சொரசொரவென்று இருந்ததையெல்லாம் தள்ளிவிட்டு, அந்த ஒன்றை எடுத்து விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தான்.

“இது எனக்கு.”

சாதோய் குறுக்கே கையை நீட்டினான். “சின்ன எசமான், அது சரியா வராத வேலை. உங்களுக்கு வேற நல்லதா…”

“கொல்லன் தன் சரக்கைத் தானே குறை சொல்றான்னா, நல்லதை ஒளிச்சு வைக்கிறான்னு அர்த்தம். பூட்டுடா.”

வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் அங்கேயே கழுத்து போகும், தம்பி கழுத்தும் சேர்ந்து. பூட்டினான். இன்னொருவனுக்குப் பிறகு யவ்னான் காலை நீட்டினான். அதிகாரி பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு வளையத்தையும் இழுத்துப் பார்த்தார். அண்ணன் கையால் தம்பி காலில் இரும்பு ஆணி இறங்கியது. “மெதுவா அடிண்ணே, தழும்புல படுது” என்றான் யவ்னான். பார்க்க முடியாமல் நான் கழுதைகளிடம் போய்விட்டேன்.

போர் என்று சொல்கிறார்கள். கசாப்புக் கடையைப் போர் என்று சொல்லலாமென்றால் அதுவும் போர்தான். அரபிகள் ஒட்டகத்தில் ஒரு திசையில் போவதுபோல் போக்குக் காட்டுவார்கள், தளபதி எங்களை அங்கே விரட்டுவார். போய்ச் சேர்ந்தால் அவர்கள் வேறு திசையில் இருப்பார்கள். வெயிலில், சங்கிலியோடு, போகவும் வரவும். சண்டை தொடங்கியபோதே எங்கள் ஆட்களின் கணுக்கால் ரத்தத்தில் ஊறியிருந்தது. எங்கள் தளபதி ஆரம்பத்திலேயே விழுந்தார். குதிரை வைத்திருந்த பெரியவர்கள் எல்லாம் திரும்பி ஓடினார்கள். அவர்களுக்குச் சங்கிலி இல்லை பாருங்கள்.

எங்கள் ஊரால் ஓட முடியவில்லை. முன்னால் இருந்தவன் ஈட்டி குத்தி விழுந்தான். அவன் விழுந்ததும் பக்கத்தவன் கால் இழுபட்டு விழுந்தான். விழுந்தவன் முதுகில் வாள் இறங்கியது. வெங்காயச் சரம் அறுந்து விழுவது போல வரிசையாகப் போனார்கள். பலர் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு வெட்டுப்பட்டார்கள். மர்தான் பயத்தில் காலை உதறிக் கல்லில் அடித்துக்கொண்டான். வளையம் வாயைப் பிளந்தது. ஒரு நொடி தன் காலையே வெறித்துப் பார்த்தான். பிறகு சங்கிலியிலிருந்து நழுவிய வளையத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, முயலைப் போல் நாணலுக்குள் பாய்ந்தான். இரண்டு ஆள் தள்ளி யவ்னான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரபிக் குதிரைகள் ஓடுகிறவர்களைத் துரத்திக் கொஞ்சம் தள்ளிப் போயின. அந்த இடைவெளியில் சாதோய் பிணங்களுக்குள் புகுந்தான், நானும் பின்னாலேயே போனேன். யவ்னானின் இரண்டு பக்கமும் செத்தவர்கள். அவன் அவர்களை இழுத்துக்கொண்டு தவழப் பார்த்தான்.

“அறுண்ணே! அறுத்து விடுண்ணே!”

உளிமூட்டை சுமந்த கழுதை அம்பு பட்டு எங்கோ ஓடிவிட்டது. சாதோய் கல்லை எடுத்து ஆணியில் அடித்தான். அடித்தான், அடித்தான். அவன் நல்ல கொல்லன், அவன் வேலை அசையவில்லை. குதிரைகள் திரும்புகிற புழுதி தெரிந்தது.

என் இடுப்பில் ஈச்சமட்டை வெட்டுகிற அரிவாள் இருந்தது. சாதோய் அதைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அவனை அமுக்கிப் பிடி.”

“சாதோய், வேண்டாம்டா.”

“பிடிடா நாயே!”

பிடித்தேன். யவ்னானுக்குப் புரிந்ததும் அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கால் ஒரே வெட்டில் போகவில்லை. எலும்பு போகவில்லை. மூன்றாவது வெட்டுக்கு முன் சாதோய் வாந்தி எடுத்தான், வாயைத் துடைக்காமலே வெட்டினான். இடுப்புக் கச்சையால் இறுக்கிக் கட்டி நாணலுக்குள் இழுத்துப் போனோம். அங்கே பரிசலுக்குப் பூசுகிற கருங்கீலைக் காய்ச்சிப் போட்டுவிட்டு ஓடியிருந்தான் எவனோ. கொதிக்கிற கீலில் தம்பியின் முண்டக் காலை முக்கினான் அண்ணன். அந்த வாடை போக எனக்கு ஒரு வருஷம் ஆனது.

யவ்னான் பிழைத்தான். பிழைத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, “சின்ன எசமானுக்கு மட்டும் எப்படிண்ணே கழண்டுச்சு? எவ்வளவு வாங்குன?”

சாதோய் எல்லாவற்றையும் சொன்னான். ஈயம், கரி, ராவிய விளிம்பு எல்லாம். நானும் சத்தியம் செய்தேன். யவ்னான் சிரித்தான்.

“இரும்பை நல்லா அடிக்கிற. பொய்யையும் நல்லா அடிக்கப் பழகிக்க.”

அதன்பின் அண்ணனோடு அவன் பேசவில்லை. ஒரே கூரை, ஒரே பானை. பேச்சு மட்டும் இல்லை. கஞ்சியை வைத்துவிட்டுச் சாதோய் வெளியே போவான், அவன் போனபிறகுதான் இவன் தொடுவான். ஊரில் மிஞ்சிய விதவைகள் பட்டறை வாசலில் மண்ணை வாரித் தூற்றினார்கள். சாதோய் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு உலைக்குத் திரும்புவான். அவனுக்கு ஒரே ஒரு ஆசைதான், தம்பி ஒருநாள் நம்ப வேண்டும்.

பேரரசு போனது. அரபிகள் உட்கார்ந்தார்கள். பண்ணையார் வராஸ் மட்டும் போகவில்லை. முதல் ஆளாகப் பேரீச்சம்பழத்தோடு போய் எதிர்கொண்டு வணங்கிவிட்டார். பழைய வரி, பழைய வயல், பழைய சவுக்கு. வாங்குகிற கை மட்டும் புதிது. அவர் செத்ததும் மர்தான் வந்தான். தான் பிழைத்த கதையை விருந்துக்கு விருந்து சொல்வானாம். விண்ணிலிருந்து ஒளி இறங்கி அவன் விலங்கைத் தெறிக்கவிட்டதாம். அந்த வளையத்தை, பிளந்த ஆணியோடு அப்படியே மறுபடி அழுத்திச் சேர்த்து, பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்தான்.

ஒருநாள் அதையே எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தான். கூட இரண்டு அடியாட்கள், வரி வாங்க வந்த ஜுந்துப் என்ற அரபிக் குதிரைக்காரன். யவ்னான் மூலையில் கட்டைக்காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“ஏ கொல்லா, இதுக்கு வெள்ளிப்பூண் போடு. பாத்து, தெய்வம் தொட்ட பொருள்.”

சாதோய் அதை வாங்கினான். உள்விளிம்பை விரலால் தடவினான். அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இடுக்கியில் பிடித்து நேராக உலையில் வைத்துத் துருத்தியை மிதித்தான்.

“என்னடா பண்ற?”

“தெய்வம் எங்க தொட்டுச்சுன்னு பாக்குறேன் எசமான்.”

இரும்பு சிவக்கத் தொடங்குவதற்கு முன்பே மூட்டு ஆணி உருகிக் கரிமேல் சொட்டியது. வெள்ளையாக, பால்துளி மாதிரி. ஜுந்துப் எட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான். சாதோய் திரும்பவில்லை, தம்பியைப் பார்த்தே சொன்னான்.

“இது உனக்கு வச்சதுடா.”

மர்தான் முகம் கறுத்தது. அவன் பெருமையெல்லாம் ஒரு அரபி முன்னால் சாம்பலில் கிடந்தது. “பிடிங்கடா இவனை” என்று கத்தினான். அடியாட்கள் சாதோயின் வலக்கையைப் பட்டடைக் கல்லில் வைத்து அவன் சம்மட்டியாலேயே அடித்தார்கள். விரல்கள் நசுங்கின. இரண்டாவது அடியில் மணிக்கட்டு போனது. அப்போதும் சாதோய் தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

யவ்னான் எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. உலையில் வாய் பிளந்து கிடந்த வளையத்தை இடுக்கியோடு பிடுங்கி, ஒற்றைக்காலில் பாய்ந்து, மர்தானின் கன்னத்தில் வைத்து அழுத்தினான். சதை சீறியது. இரண்டு பேரும் உருண்டார்கள். அடியாட்கள் யவ்னானை உதைத்து வாயைக் கிழித்தார்கள், கத்தியை உருவினார்கள்.

“போதும், விடு” என்றான் ஜுந்துப், சிரிப்பை நிறுத்தாமலே. “இந்தச் சுற்றுவட்டத்துல கொல்லன் வேற இல்ல. இவனுங்களைக் கொன்னா என் ஈட்டிக்கு முனை நீயா அடிப்ப?”

அரபி சொன்னால் மறுபேச்சு ஏது? மர்தானைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பிறைத் தழும்போடுதான் அவன் சாகும்வரை திரிந்தான். ஒளி இறங்கிய கதையை அதன்பின் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

பட்டறையில் நாங்கள் மூவரும் இருந்தோம். யவ்னான் வாயில் ரத்தத்தோடு தவழ்ந்து போய்ச் சாம்பலைக் கிளறினான். ஆறிப்போன ஈயத் துளியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு ஆறியிருந்த வளையத்தின் உள்விளிம்பைத் தடவினான்.

“இது எதுக்குண்ணே இவ்வளவு ராவுன?”

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அந்த ‘அண்ணே’. சாதோய் பிய்ந்துபோன கையை மடியில் வைத்துக்கொண்டு அழுதான்.

“தழும்புல உரசுமேன்னுடா. நீ ஓடுறவரைக்கும் வலிக்கக் கூடாதேன்னு.”

“ராவாம விட்டிருந்தா நான் ஓடியிருப்பேனேண்ணே” என்றான் யவ்னான். சொல்லிவிட்டு அண்ணன் கையைத் துணியால் சுற்றிக் கட்டினான்.

அதன்பிறகு சாதோய் இடக்கையால் இடுக்கி பிடித்தான், யவ்னான் உட்கார்ந்தபடி சம்மட்டி போட்டான். ஜுந்துப்பின் ஈட்டி முனைகளை இரண்டு பேருமாக அடித்துக் கொடுத்தார்கள்.